உங்கள் விரலுக்கு ஏற்ற நக வடிவம் எது? 66 ஆண்டுகள் நகம் வளர்த்த புனேவாசியின் கை உணர்த்தும் பாடம்

புனே: திருமணத்துக்கோ பண்டிகைக்கோ அழகு நிலையத்துக்குச் செல்வோரிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, நகத்தை எந்த வடிவில் அமைப்பது என்பது. வட்டம், சதுரம், நீள்வட்டம், பாதாம் எனப் படங்கள் நிறைந்த அட்டை நீட்டப்படும்போது பலரும் கண்ணுக்குப் பிடித்த ஒன்றைக் காட்டிவிடுகின்றனர். அட்டையில் அழகாகத் தோன்றிய அதே வடிவம், சொந்த விரலில் ஏறியதும் விரலைக் குட்டையாகவோ தடித்தோ காட்டி ஏமாற்றமளிப்பது உண்டு. சில நாள்களில் உடைந்து, நகக்கண்ணில் வலியை விட்டுச் செல்வதும் உண்டு.

நகத்தின் வடிவத்தையும் நீளத்தையும் பற்றிப் பேசும்போது புனே நகரைத் தவிர்க்க முடியாது. ஒரு கையில் உலகிலேயே மிக நீளமான நகங்களை வளர்த்தவர் என்ற கின்னஸ் சாதனைக்கு உரிய ஸ்ரீதர் சில்லால் இந்நகரைச் சேர்ந்தவர். அவருடைய இரு கைகளும் இரு வேறு முடிவுகளின் விளைவை அருகருகே காட்டின. அழகுக்காக நகத்தை வடிவமைக்க விரும்பும் எவரும் அந்தக் கைகளிலிருந்து கற்றுக்கொள்ளக் கூடிய செய்திகள் சில உள்ளன.

ஒரே மனிதர், இரு கைகள்

1952-ஆம் ஆண்டு, தமது 14-ஆவது வயதில், இடது கை நகங்களை வெட்டுவதை ஸ்ரீதர் சில்லால் நிறுத்தினார். ஆசிரியர் ஒருவர் பேணி வளர்த்திருந்த நகம் தம்மால் தவறுதலாக உடைந்ததும், அதற்காக அவரிடம் வசை வாங்கியதுமே இம்முடிவுக்குக் காரணம் என்று அவர் பின்னாளில் கூறியுள்ளார். நீண்ட நகத்தைக் காப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பது உனக்குப் புரியாது என்ற பொருளில் ஆசிரியர் சொன்னதை அவர் ஓர் அறைகூவலாக எடுத்துக்கொண்டார்.

2014-ஆம் ஆண்டு புனேயில் அளந்தபோது அவருடைய இடது கையின் ஐந்து நகங்களின் மொத்த நீளம் 909.6 சென்டிமீட்டராக இருந்தது. கட்டைவிரல் நகம் 197.8 செ.மீ., ஆள்காட்டி விரல் நகம் 164.5 செ.மீ., நடுவிரல் நகம் 186.6 செ.மீ., மோதிர விரல் நகம் 181.6 செ.மீ., சுண்டு விரல் நகம் 179.1 செ.மீ. எனப் பதிவானது. கட்டைவிரல் நகம் சுருள் சுருளாக வளைந்து வட்டம் போட்டிருந்தது.

வலது கை நகங்களை அவர் எல்லோரையும் போலவே வெட்டி வந்தார். புகைப்படக் கலைஞராகத் தொழில் செய்ய அந்தக் கையே அவருக்குத் துணை நின்றது. இடது கையோ நகங்களின் சுமையைத் தாங்கித் தாங்கி நிரந்தரமாக முடங்கிப்போனது. மூடிய விரல்களை விரிக்கவோ மடக்கவோ இயலாத நிலை ஏற்பட்டது. உறக்கத்தில்கூட அடிக்கடி விழித்துக் கையை இடம் மாற்றி வைக்க வேண்டியிருந்தது.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம், 66 ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள ரிப்ளீஸ் காட்சியகத்தில் அந்த நகங்கள் மின் கருவியின் உதவியுடன் வெட்டப்பட்டன. அப்போது அவருடைய வயது 80-ஐக் கடந்திருந்தது. வெட்டிய நகங்கள் அங்கேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. நகங்கள் அகன்ற பின்னும் இடது கையின் முடக்கம் நீங்கவில்லை.

அழகு நிலையத்தில் அரை சென்டிமீட்டர் கூடுதலாக நகம் வைப்பவருக்கு இத்தகைய நிலை வராது. எனினும் அடிப்படை ஒன்றே. நகத்தின் நீளமும் வடிவமும் கையின் தோற்றத்தை மட்டும் மாற்றுவதில்லை. கை செய்யும் வேலையையும், விரல் தாங்கும் சுமையையும் அவை மாற்றுகின்றன.

நகம் எவ்வளவு வேகத்தில் வளர்கிறது?

கண்ணுக்குத் தெரியும் நகத் தகடு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அது உயிரற்ற பகுதி, வெட்டினால் வலிப்பதில்லை. உயிருள்ள பகுதி, நகத்தின் அடியில் தோலுக்குள் மறைந்துள்ள நக வேர் ஆகும். நகத்தின் அடிப்பகுதியில் வெண்மையாகத் தெரியும் பிறை அந்த வேரின் வெளியே தெரியும் விளிம்பு.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சராசரியாக 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. கால் நகத்தின் வேகம் ஏறத்தாழ அதில் பாதி. ஸ்ரீதர் சில்லாலின் கட்டைவிரல் நகக் கணக்கும் இதற்கு அருகிலேயே அமைகிறது. 62 ஆண்டுகளில், அதாவது 744 மாதங்களில், 1,978 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. மாதத்துக்குச் சுமார் 2.7 மி.மீ. வயது கூடக்கூட நக வளர்ச்சி குறையும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அவருடைய நகம் மற்றவர் நகத்தைப் போன்றதே. அதை வெட்டாமல் விட்டதே வேறுபாடு.

தமிழ் வீடுகளில் இவ்வளர்ச்சியை அளக்க எளிய வழி ஒன்று வழக்கத்திலேயே உள்ளது. ஆடி மாதம் விரல் நுனியில் தொப்பி போல மருதாணி வைத்தால், தோலில் ஏறிய நிறம் சில வாரங்களில் மறைந்துவிடும். நகத்தில் ஏறிய சிவப்பு மறையாது. அடியிலிருந்து புதிய நகம் வளர வளர அது மேலே நகர்ந்து செல்லும். பெரும்பாலோருக்குத் தை பிறப்பதற்குள் அந்தத் தடம் நக நுனியை எட்டி, வெட்டுப்பட்டுப் போய்விடும். ஒரு நகம் முழுமையாகப் புதுப்பிக்கப்பட 4 முதல் 6 மாதங்கள் ஆகும் என்பதற்கு அதுவே சான்று.

இதனால் பெறப்படும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. தவறான வடிவத்தைச் சில வாரங்களில் திருத்திவிடலாம். ஆனால் நகத் தகடு படுக்கையிலிருந்து பெயர்ந்தாலோ ஆழமாகப் பிளந்தாலோ சீராகப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை மூன்று

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நகப்பூச்சை நீக்கிவிட்டு, கையை நீட்டி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

முதலாவது, நகத்தின் அடிவிளிம்பு. நகமும் தோலும் சேரும் இடம் சிலருக்கு நன்கு வளைந்தும், சிலருக்கு ஏறக்குறைய நேர்கோடாகவும் இருக்கும். நுனியின் வளைவு இந்த அடிவளைவை ஒத்திருந்தால் நகம் இயல்பாகத் தோன்றும். வளைந்த அடி உள்ளவர்க்கு வட்டமும் நீள்வட்டமும், நேரான அடி உள்ளவர்க்குச் சதுரமும் மூலை மழுங்கிய சதுரமும் பொருந்துவது இதனால்தான்.

இரண்டாவது, நகப்படுக்கையின் அளவு. இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியே நகப்படுக்கை. அது அகலத்தைவிட நீளம் மிகுந்ததா, அகலமும் நீளமும் ஏறக்குறைய சமமா, நுனியை நோக்கி விசிறி போல விரிகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, விரலின் நீளமும் தடிமனும். கண் எப்போதும் ஓரக் கோடுகளைப் பின்தொடர்ந்து செல்லும். பக்கங்கள் நுனியை நோக்கிக் குறுகினால் பார்வை மேலே இழுக்கப்பட்டு, விரல் நீண்டதாகத் தெரியும். நுனியில் குறுக்குக் கோடு இருந்தால் பார்வை அங்கேயே நின்று, விரல் அகன்றதாகத் தெரியும். நக வடிவம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இந்த ஒரு விதியின் விரிவாக்கமே.

எந்தக் கைக்கு எந்த வடிவம்?

குட்டையான, சற்றே பருத்த விரல்கள்: நீள்வட்டம் மிகவும் ஏற்றது. பக்கங்கள் மெல்லக் குறுகி நுனி வளைவாக முடிவதால் விரல் நீண்டு தோன்றும். நகத்தைச் சற்று வளர்க்க முடிந்தவர்கள் பாதாம் வடிவத்தையும் முயலலாம். கூர்மையான சதுரத்தைத் தவிர்ப்பது நல்லது.

நீண்ட, மெலிந்த விரல்கள்: சதுரமும் மூலை மழுங்கிய சதுரமும் விரலுக்குச் சற்று அகலம் தரும். மிகக் கூர்மையான வடிவங்கள் ஏற்கெனவே நீண்ட விரலை எலும்பும் தோலுமாகக் காட்டக்கூடும்.

அகன்ற நகப்படுக்கை: வட்டம் அல்லது நீள்வட்டம் பொருந்தும். பக்கங்களைச் சிறிதளவே குறுக்க வேண்டும். மிகுதியாக அராவினால் நகம் பலமிழக்கும்.

குறுகிய நகப்படுக்கை: சதுரம் அல்லது மூலை மழுங்கிய சதுரம், நகத்தைச் சற்று அகன்றதாகக் காட்டும்.

நுனியில் விசிறி போல விரியும் நகம்: குட்டையாக வெட்டி, விரியும் ஓரங்களை வளைவாக அராவினால் சீராகத் தோன்றும். இவர்கள் நகத்தை நீளமாக வளர்த்தால் விரிவு மேலும் எடுப்பாகத் தெரியும்.

எளிதில் உடையும் மெல்லிய நகம்: குட்டையான வட்டமே பாதுகாப்பானது. துணியிலோ கூந்தலிலோ மாட்டிக்கொள்ள மூலைகள் இல்லாததால் பிளவு குறையும்.

பத்து விரல்களும் ஒரே மாதிரி அமைவதில்லை. பலருக்கும் கட்டைவிரல் நகம் மற்றவற்றைவிட அகலமாக இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே கட்டைவிரல் நுனி குட்டையாகவும் நகம் அகன்றும் அமைந்திருக்கும். ஆகவே, எல்லா விரலுக்கும் அச்சு மாறாத ஒரே வடிவம் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியதில்லை. ஒரே குடும்ப வடிவத்துக்குள் விரலுக்கு ஏற்பச் சிறு மாற்றம் செய்துகொள்ளலாம்.

முடிவெடுக்கத் தயங்குவோர், கையைக் கைப்பேசியில் படமெடுத்து, அந்தப் படத்தின் மேலேயே வடிவங்களை வரைந்து பார்க்கலாம். ஒரு விரலில் மட்டும் புதிய வடிவத்தை அமைத்து ஒரு வாரம் வைத்திருந்து பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை.

வடிவமும் வலிமையும்

அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் பொதுமக்களுக்குக் கூறும் அறிவுரை எளிமையானது: நகத்தை ஏறத்தாழ நேராக வெட்டி, மூலைகளை மட்டும் அரத்தால் சற்று வளைவாக்கினால் நகம் வலிமையாக இருக்கும். மூலை மழுங்கிய சதுரம் பலருக்கும் ஒத்துவருவதற்கு இதுவே காரணம். நகத்தின் இருபக்கச் சுவர்கள் நேராக மேலே செல்லும்வரை அவை தூண்களாக நின்று நுனியைத் தாங்குகின்றன. பாதாம், ஸ்டிலெட்டோ போன்ற வடிவங்களுக்காகப் பக்கங்களை அராவும்போது அத்தூண்கள் மெலிகின்றன. அதனால்தான் ஸ்டிலெட்டோ, பாலேரினா ஆகியவை பெரும்பாலும் செயற்கை நகங்களின் துணையோடு அமைக்கப்படுகின்றன.

நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. விரல் நுனியைத் தாண்டி நீளும் நகம் நெம்புகோல் போல இயங்குகிறது. கதவிலோ மேசையிலோ நுனி மோதும்போது அதன் விசை நகம் படுக்கையோடு ஒட்டியுள்ள இடத்தில் பெருகி இறங்கும். உறுதியான செயற்கை நகம் உடையாமல் நின்றால், அடியிலுள்ள இயற்கை நகம் படுக்கையைவிட்டுப் பெயரும் வாய்ப்பு உண்டு. அந்த இடைவெளியில் ஈரம் தங்கினால் கிருமித் தொற்று ஏற்படலாம்.

தொழிலே முதல் அளவுகோல்

மருத்துவமனைகளும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த புனே போன்ற நகரத்தில் நக வடிவத்தைத் தொழிலே பாதி தீர்மானித்துவிடுகிறது. நோயாளிகளை நேரடியாகத் தொட்டுப் பணியாற்றுவோர் செயற்கை நகம் அணியக் கூடாது என்றும், இயற்கை நகத்தின் நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட கைத் தூய்மை வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. கை கழுவிய பின்னும் நகத்தடியில் கிருமிகள் தங்குவதே இதற்குக் காரணம். கைக்குழந்தையைப் பராமரிப்போரும் சமையல் பணியில் உள்ளோரும் இதே அளவைப் பின்பற்றுவது நல்லது.

கணினியில் நாள் முழுவதும் தட்டச்சு செய்வோருக்குக் குட்டையான வட்டமோ மூலை மழுங்கிய சதுரமோ வசதி. நகம் நீண்டால் விரலின் சதைப்பகுதிக்குப் பதிலாக நக நுனி விசையில் படும். விரலை மடக்காமல் தட்டையாக வைக்க வேண்டியிருக்கும்.

கையால் உண்ணும் நமக்கு மற்றோர் அளவுகோலும் உண்டு. உள்ளங்கைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது விரல் நுனிக்கு மேல் நகம் வெகுவாக எட்டிப் பார்த்தால், சோற்றைப் பிசையும்போது பருக்கை நகத்தடியில் சேரும். உணவு உண்ணும் கையில் நகம் குட்டையாக இருப்பதே தூய்மைக்கு உகந்தது. தரையில் கிடக்கும் நாணயத்தை எடுத்தல், புடவைக்கு ஊக்கு குத்துதல், கைப்பேசியில் எண் அழுத்துதல் ஆகிய மூன்றையும் சிரமமின்றிச் செய்ய முடிந்தால் அந்த நீளம் உங்களுக்கு ஏற்றது எனக் கொள்ளலாம்.

நீண்ட நகம் உழைக்கத் தேவையற்ற செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட காலமும் இருந்தது. சீனத்தின் சிங் பேரரசுக் காலத்தில் அரச குடும்பத்துப் பெண்கள் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நகத்தை வளர்த்து, அது உடையாமல் இருக்க வேலைப்பாடு மிக்க உறைகளை அணிந்தனர். பேரரசி சிக்ஸியின் புகைப்படங்களில் அவற்றை இன்றும் காணலாம். அவர்களுக்குப் பணி செய்ய வேறு கைகள் இருந்தன.

வீட்டிலேயே வடிவமைப்பது எப்படி?

நகம் உலர்ந்திருக்கும்போது அராவ வேண்டும். நீரில் ஊறிய நகம் மென்மையாகி, அரம் படும்போது அடுக்கடுக்காக உரியும். குளித்தவுடன் வெட்டுவது எளிது. ஆனால் அராவுவதற்குச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும்.

முதலில் தேவையான நீளத்துக்கு நேராக வெட்டிக்கொள்ள வேண்டும். பின்னர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் அராவ வேண்டும். முன்னும் பின்னும் இழுப்பது நுனியைப் பிளக்கச் செய்யும். ஓர் ஓரத்தில் சில இழுப்பு, மறு ஓரத்தில் அதே எண்ணிக்கை என மாறி மாறிச் செய்தால் இருபுறமும் சமமாக அமையும். நகம் சதையோடு சேரும் பக்க மூலைக்குள் அரத்தைச் செலுத்தக் கூடாது. நகம் பெரும்பாலும் உடையத் தொடங்குவது அங்கேதான்.

நகத்தின் அடியிலுள்ள மெல்லிய தோலை வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும். நக வேருக்குள் கிருமி நுழையாமல் காக்கும் அடைப்பு அது. அதை வெட்டுவது நகச்சுற்று வருவதற்கு வழிவகுக்கும். கால் நகங்களுக்கு வடிவம் தேவையில்லை. நேராக வெட்டுவதே சதைக்குள் நகம் வளர்வதைத் தடுக்கும்.

விளக்கு வைத்த பின் நகம் வெட்டக் கூடாது என்று பெரியோர் சொல்வது உண்டு. மங்கிய வெளிச்சத்தில் விரலைக் காயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க அது உதவியிருக்கும். இன்று விளக்கொளிக்குக் குறைவில்லை எனினும், நல்ல வெளிச்சத்தில் வெட்ட வேண்டும் என்பது மாறாத அறிவுரை.

செயற்கை நகம் வைப்போர் கவனத்துக்கு

ஜெல், அக்ரிலிக் வகை நகங்களில் பயன்படும் அக்ரிலேட் வேதிப்பொருள்கள் தோலில் படும்போது சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடும் என்றும், பின்னாளில் பல் அடைப்பு போன்ற சிகிச்சைகளில் அதே வகைப் பொருள்கள் பயன்படும்போது சிக்கல் தரலாம் என்றும் பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-ஆம் ஆண்டு எச்சரித்தது. ஜெல் நகப்பூச்சுகளில் பயன்பட்டுவந்த டிபிஓ என்னும் வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் தடை விதித்துள்ளது.

ஜெல்லை உலர்த்தப் புற ஊதா விளக்கில் கையை வைக்கும் முன் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்வது நல்லது. ஜெல்லைச் சுரண்டி எடுத்தால் நகத் தகட்டின் மேலடுக்கும் உடன் பெயரும். அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோர் நகப்பூச்சையும் செயற்கை நகத்தையும் முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். அடர்ந்த நிறப் பூச்சு, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியின் அளவீட்டைப் பாதிக்கலாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

வடிவம் சரியில்லை என்று நாம் நினைப்பது சில வேளைகளில் உடல் தரும் அறிகுறியாக இருக்கலாம். நகம் கரண்டி போலக் குழிந்தால் இரும்புச் சத்துக் குறைபாடு இருக்கலாம். விரல் நுனி பருத்து நகம் கவிழ்ந்து வளைந்தால் நுரையீரல் அல்லது இதய நோய் உள்ளதா எனப் பரிசோதிப்பது அவசியம். ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் சொரியாசிஸ் நோயில் காணப்படும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போகும் கருங்கோட்டை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. இத்தகைய மாற்றங்களை நகப்பூச்சால் மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

சுருக்கமாகச் சொன்னால், நுனியின் வளைவு அடிவளைவோடு ஒத்துப்போக வேண்டும். நீளம் அன்றாட வேலைக்கு இடையூறாக இருக்கக் கூடாது. பக்கங்களை அளவுக்கு மீறி அராவக் கூடாது. இம்மூன்றும் பொருந்தினால் அந்த வடிவமே உங்கள் கைக்கு அழகு. கின்னஸ் சாதனையைத் தேடித் தந்த இடது கையை விரிக்க முடியாமல் போன ஸ்ரீதர் சில்லாலுக்கு, வாழ்நாள் முழுவதும் கேமராவைப் பிடிக்க உதவியது நகம் வெட்டிய வலது கையே என்பது குறிப்பிடத்தக்கது.